வலக் கண்ணில் போட்ட மருந்து

ஏரியில் ஊன்றியிருக்கும் கழிகளெல்லாம் நடுவில் வளைந்து நிற்கின்றன என்று கோதண்டம் சொன்னபோது, அவர் மனைவி தேசம்மாள் சிரித்துவிட்டாள். ஜாக்குலின் சிரிக்கவில்லை.

அப்போது அவள் பசியாவரம் தீவில் அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, கோதண்டத்தின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஜாக்குலினுக்கு முப்பத்தெட்டு வயது. பழவேற்காட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் ஒன்பது வருஷம் வேலை செய்தவள். பிறகு, வீடு வீடாகப் போய் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கும் அரசு வேலை கிடைத்தது. படகில் போய்ப் பார்க்க வேண்டிய வீடுகளை ஏற்க மற்றவர்கள் தயங்கினார்கள், இவள் வாங்கிக்கொண்டாள். நான்கு வருஷமாகத் தீவில் அவள் ஏறி இறங்காத வீடு இல்லை.

"நேராத்தான் நைனா ஊனியிருக்காங்க. இப்பத்தான் படகுல அத்தத் தாண்டி வந்தேன்" என்றாள்.

"வளைஞ்சுதான் கீது. நான் முப்பது வருஷமாப் பாக்கிற கழி" என்றார் கோதண்டம்.

பட்டையை அவிழ்த்துவிட்டு, அவரை எதிரே இருந்த கதவைப் பார்க்கச் சொன்னாள். இடக் கண்ணை மூடிக்கொண்டு வலக் கண்ணால் பார்த்தார். கதவின் நிலை நடுவில் உப்பி வெளியே தள்ளியிருந்தது. வலக் கண்ணை மூடிப் பார்த்தார். அதிலும் கொஞ்சம் நெளிவு, நடுவில் புகை அடைத்த மாதிரி ஒரு மங்கல். கோதண்டத்துக்குப் பதினாலு வருஷமாகச் சர்க்கரை. நேரான கோடு வளைந்து தெரிகிறது என்று சர்க்கரைக்காரர் யாராவது சொன்னால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம் என்று பயிற்சியில் சொல்லித்தந்தது ஜாக்குலினுக்கு நினைவிருந்தது.

"மெட்ராசுக்குப் போவணும் நைனா. இந்த வாரமே."

"கண்ணாடி மாத்தினா சரியாப் பூடும்."

"கண்ணாடியில சரியாவற விஷயம் இல்ல இது."

அவர் எழுந்து போகப் பார்த்தார். தேசம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "போன செவ்வாய்க்கிழமை தருமன் வலை மேல படகை ஏத்திட்டு வந்தியே, அன்னிக்கு இஞ்சின் மக்கர் பண்ணுச்சுன்னு சொன்னியே. இஞ்சினா, கண்ணா?"

கோதண்டம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எந்த வண்டிக்குப் போவணும்?" என்று கேட்டார்.

தேசம்மாளுக்கு முழங்கால் வலி, படியேற முடியாது. அதனால் ஜாக்குலின் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனாள். படகில் பழவேற்காடு, அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி, பிறகு மின்சார ரயில். கண் ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்தவர் டாக்டர் ஜஸீலா. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். வேகமாகப் பேசுவார், ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார்.

கண்ணுக்குள் எடுத்த படத்தை அவர் திரையில் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், அதில் கிளை கிளையாகப் பிரிந்து ஓடும் சிவப்புக் கோடுகள், இங்கும் அங்கும் ஊசி குத்தின மாதிரி சிவப்புப் புள்ளிகள். கோதண்டம் திரையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜாக்குலின் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இந்தக் கோடெல்லாம் என்னா மேடம்?"

"ரத்தக்குழாய். உடம்புல கத்தி வைக்காம ரத்தக்குழாயை நேராப் பாக்க முடியற ஒரே இடம் கண்ணுதான்."

ஜாக்குலின் நான்கு வருஷத்தில் ஆயிரக்கணக்கான கைகளில் பட்டை சுற்றியிருக்கிறாள். உள்ளே ஓடுவதை ஒருநாளும் கண்டதில்லை. இப்போது அது எதிரே இருந்தது, தலைமுடியைவிட மெலிதான கோடுகளாக. டாக்டர் அடுத்த படத்துக்குப் போன பிறகும் அவள் மனசு அந்த முதல் படத்திலேயே இருந்தது.

பார்வை தெளிவாக விழும் இடத்தில் நீர் கசிந்து வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். சர்க்கரையால் குழாய்கள் கெட்டு, கண்ணுக்கு ரத்தம் பத்தாமல் போகிறது. ரத்தம் வேண்டும் என்று கண் ஒரு பொருளைச் சுரக்கிறது. அந்தப் பொருளே குழாய்களை இன்னும் கசிய வைக்கிறது. அதை அடக்கக் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். மாதம் ஒன்று, சில மாதங்களுக்கு. வலக் கண் மோசம், முதலில் அது. இடக் கண்ணில் வீக்கம் குறைவு, அதை ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

"கண்ணுக்குள்ளயா?" என்றார் கோதண்டம். அதுவரை அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

ஊசி போடுவதற்கு முன் டாக்டர் கேட்ட கேள்விகள் ஜாக்குலினுக்கு விநோதமாகப் பட்டன. நெஞ்சு வலி வந்திருக்கிறதா? கை கால் இழுத்துக்கொண்டது உண்டா? சிறுநீரகம் எப்படி? பிரஷருக்கு என்ன மாத்திரை? கண்ணில் போடும் ஊசிக்கு நெஞ்சைப் பற்றி எதற்குக் கேட்கிறார் என்று நினைத்தாள். கேட்கவில்லை.

மரத்துப்போக மருந்து விட்டு, கண்ணைக் கழுவி, இமையை விரித்துப் பிடித்து, வெள்ளை விழியின் ஓரத்தில் மெல்லிய ஊசியைச் செலுத்தினார்கள். நாலைந்து விநாடியில் முடிந்துவிட்டது. வெளியே வந்த கோதண்டம், "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல" என்றார். ஆனால் அவர் கை சில்லென்றிருந்தது. உள்ளே போன மருந்து எவ்வளவு என்று நர்சிடம் ஜாக்குலின் விசாரித்தாள். சொட்டு மருந்து விடும்போது விழுமே, அதில் ஒரு சொட்டு. அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்துப் போனார்கள். வலக் கண் நன்றாகத் தேறியிருந்தது. சுவரில் எண்கள் எழுதிய பலகையில் மேலே மூன்று வரிசையோடு நின்றவர் இப்போது ஆறாவது வரிசைவரை வாசித்தார். பிறகு இடக் கண்ணைச் சோதித்தார்கள். அதிலும் போன தடவையைவிட இரண்டு வரிசை கூடுதலாகப் படித்தார்.

டாக்டர் ஜஸீலா நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, பலகையை மனப்பாடம் பண்ணிட்டீங்களா?"

"நான் எங்கம்மா மனப்பாடம் பண்றது? அஞ்சாங்கிளாஸ்ல வாய்ப்பாடே வரல."

டாக்டர் வேறு பலகையை மாட்டச் சொன்னார். அதே இரண்டு வரிசை. சர்க்கரை அளவு திடீரென்று இறங்கியிருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. வேறு சொட்டு மருந்து ஏதாவது விட்டீர்களா என்று கேட்டார், அதுவும் இல்லை. இடக் கண்ணைப் படமெடுத்தார். ஊசியே போடாத கண்ணில் வீக்கம் வடிந்திருந்தது. வலக் கண்ணைப் போல முழுக்க இல்லை, ஆனால் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தெரியும்படி வடிந்திருந்தது.

"இப்படி ஆகும்னு படிச்சிருக்கேன். என் கண்ணால இவ்ளோ தெளிவாப் பாக்கிறது இதான் முதல் தடவை" என்றார் டாக்டர், யாரிடம் என்றில்லாமல்.

"எப்படி மேடம்?" என்றாள் ஜாக்குலின்.

"மருந்து கண்ணுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காது. கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல கலக்கும். கலந்தா உடம்பு முழுக்கப் போவும். நெஞ்சுக்குப் போவும், நுரையீரலுக்குப் போவும், அங்கேருந்து திரும்ப நெஞ்சுக்கு வந்து தலைக்கு ஏறும். அப்படிப் போறப்ப இந்தக் கண்ணுக்கும் போயிருக்கு."

"அந்த ஒரு சொட்டா?"

"அந்த ஒரு சொட்டுல ரத்தத்துக்கு வந்து சேர்ந்த பங்கு."

ஜாக்குலின் கோதண்டத்தின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கண்ணுக்கும் நடுவே மூக்கின் அகலம்தான். அந்த இரண்டு விரல் தூரத்தைக் கடக்க மருந்து நெஞ்சுவரை இறங்கி ஏறியிருக்கிறது. எல்லா ரத்தத்திலும் கரைந்து, கால் விரல்வரை சுற்றி, அத்தனை நீர்த்துப்போன பிறகும், போய்ச் சேர்ந்த இடத்தில் தன் வேலையைச் செய்திருக்கிறது. திரும்பி வரும் ரயிலில் அவள் பேசவே இல்லை. எண்ணூர் தாண்டும்போது கோதண்டம், "ஏம்மா, உடம்புக்கு இன்னா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல நைனா" என்றாள். எதிர் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கழுத்தில் நரம்பு துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கணவன் ஜோஷ்வாவிடம் சொன்னாள். ஜோஷ்வா விசைப்படகில் வேலை செய்பவன். கேட்டுவிட்டு, "அப்ப கண்ணுல போட்டது குண்டிக்காய்க்கும் போவுமா?" என்றான். சிறுநீரகத்தைத்தான் அப்படிச் சொன்னான், விளையாட்டாகக் கேட்டதுதான். ஜாக்குலினுக்கு டாக்டர் முதல் நாள் கேட்ட கேள்விகள் நினைவுக்கு வந்தன. நெஞ்சு வலி உண்டா, சிறுநீரகம் எப்படி. அவர் ஏன் கேட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது. உடம்பு முழுக்கப் போகும் என்றால், நல்லது செய்யும் இடத்துக்கு மட்டும் போகும் என்று யார் சொன்னது?

அதன் பிறகு மாதம் ஒரு தடவை பார்க்கும் வீட்டுக்கு அவள் வாரம் ஒரு தடவை போனாள். யாரும் சொல்லவில்லை, தானாகப் போனாள். கோதண்டத்தின் பிரஷரில் மேல் எண் எப்போதும் நூற்று முப்பத்தெட்டு, நாற்பது என்று நிற்கும். இரண்டாவது ஊசியும் வலக் கண்ணுக்குத்தான்; அது போட்ட ஒன்பதாம் நாள் நூற்று அறுபத்தி நாலு காட்டியது. கால் மணி நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தாள். நூற்று அறுபத்திரண்டு.

மாத்திரைப் பட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தாள். சரியாகச் சாப்பிட்டிருந்தார். கருவாடு தின்றாரா என்று தேசம்மாளிடம் கேட்டாள். "அந்தோணியார் சாட்சியாச் சொல்றேன்னு நீ சொல்லுவ, நான் அங்காளம்மா சாட்சியாச் சொல்றேன், ரெண்டு மாசமா இந்த ஊட்டுல கருவாட்டு நாத்தமே இல்ல" என்றாள் தேசம்மாள். மெஷின் கெட்டுவிட்டதோ என்று தேசம்மாளுக்கும் பார்த்து, தனக்கும் பார்த்துக்கொண்டாள். மெஷின் சரியாக இருந்தது.

நாலாவது வாரம் பிரஷர் நூற்று நாற்பத்தாறுக்கு இறங்கியது. மூன்றாவது ஊசி. எட்டாம் நாள் நூற்று அறுபத்தெட்டு. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்து, நிதானமாக மேலே வந்தது. ஜாக்குலின் எழுதி வைத்த எண்களையும் ஊசி போட்ட தேதிகளையும் வரிசையாகப் பார்த்தாள். ஊசி போட்டால் ஏறுகிறது, நாள் ஆக ஆக இறங்குகிறது, மறுபடி ஊசி, மறுபடி ஏற்றம்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லணும் நைனா" என்றாள்.

கோதண்டம் முகம் மாறியது. "சொன்னா ஊசிய நிறுத்திடுவாங்க."

"நிறுத்தறாங்களோ மாத்தறாங்களோ, அவங்களுக்குத் தெரியணும்ல."

"ஜாக்குலினு." அவர் குரல் தணிந்தது. "நான் இப்பத்தான் மனுசங்க மூஞ்சியப் பாக்கிறேன். இவ மூஞ்சிய ஒரு வருசமா நான் சரியாப் பாக்கல, உனக்குத் தெரியுமா? குரலை வெச்சுத்தான் சமாளிச்சேன். ரெண்டு கண்ணும் தேறிக்கினு வருது. பிரஷரு எல்லாத்துக்கும்தான் கீது. நீ சொல்லாத. உன் கையப் புடிச்சுக் கேக்கிறேன்."

நிஜமாகவே கையைப் பிடித்துக்கொண்டார். தேசம்மாள் உள்ளே போய்விட்டாள்.  கொட்டகையில் வேலை பார்த்த நாளிலிருந்து ஜாக்குலினுக்குத் தெரிந்த மனிதர் அவர். யாரிடமும் ஒன்றும் கேட்டு அவள் பார்த்ததில்லை. ஆனால் இதே தீவில் ஒருவர் பிரஷர் ஏறி, படகு கரை சேர்வதற்குள் வாய் கோணிப் பேச்சு நின்றுபோனதையும் அவள் பார்த்திருந்தாள்.

"கண்ணு தெரிஞ்சு படுக்கையில கிடந்தா இன்னா பாப்ப நைனா? மேல கீற கூரையையா?" என்றாள். சொன்ன பிறகு கடுமையாகப் பேசிவிட்டோமே என்று இருந்தது. கோதண்டம் கையை விட்டுவிட்டார். அடுத்த வாரம் அவள் வந்தபோது சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். வழி முழுக்க அவளோடு பேசவில்லை.

டாக்டர் ஜஸீலா எண்களை ஒருமுறை பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து ஒவ்வொரு ஊசித் தேதியையும் வட்டமிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இத யாரு எடுக்கச் சொன்னாங்க உங்கள?"

"யாரும் சொல்லல மேடம். ரத்தத்துல போவுதுன்னு நீங்க சொன்னீங்க. அதான்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "ஊசிதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சர்க்கரையில கிட்னி கெட்டாலும் பிரஷர் ஏறும். நிறைய பேருக்கு இந்த ஊசியால ஒண்ணும் ஆகறதில்ல. ஆனா இந்த மருந்து அடக்கற பொருள் இருக்கே, அது கண்ணுலதான் வில்லன். மத்த இடத்துல அது வேணும். ரத்தக்குழாய் இளகி இருக்கறதுக்கு வேணும், கிட்னி ஒழுங்கா வடிகட்டறதுக்கு வேணும். ஒருசிலருக்கு அதைக் குறைச்சா பிரஷர் ஏறலாம். இவருக்கு அப்படி இருக்கலாம்."

சிறுநீரில் புரதம் போயிருந்தது. சிறுநீரக டாக்டரிடம் அனுப்பினார்கள், மாத்திரை மாற்றினார்கள். கோதண்டம் கதவோரம் உட்கார்ந்து தீர்ப்புக்குக் காத்திருப்பவர் போல இருந்தார்.

"ஊசிய நிறுத்திடுவீங்களா?" என்று கேட்டார்.

"நிறுத்த மாட்டேன் ஐயா. வேற ஊசி போடுறேன்." டாக்டர் ஜாக்குலின் பக்கம் திரும்பினார். "இதுவரைக்கும் போட்ட மருந்துல வால் மாதிரி ஒரு பகுதி இருக்கு. ரத்தத்துக்கு வந்ததும் உடம்பு அந்த வாலைப் புடிச்சு, கழிய விடாம, திரும்பத் திரும்ப ரத்தத்துலயே விட்டுக்கிட்டிருக்கும். வாரக்கணக்கா சுத்தும். இப்பப் போடப்போறதுல வால் இல்ல. கண்ணுக்குள்ள அது பாட்டுக்கு வேலை செய்யும். வெளிய வந்தா, ரத்தத்துல நிக்காம சில மணி நேரத்துல கழிஞ்சுபோயிடும்."

ஒரு மருந்தைப் பிடித்து வைக்கலாமா, விட்டுவிடலாமா என்று உடம்பு தானே முடிவு செய்கிறது என்பதை ஜாக்குலின் அன்றுதான் கேள்விப்பட்டாள். யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. கோதண்டத்துக்கே தெரியாது.

புது ஊசியும் புது மாத்திரையும் தொடங்கிய பிறகு பிரஷர் நூற்று நாற்பதுக்கு வந்தது. எட்டாம் நாளும் ஏறவில்லை. கணுக்கால் வற்றியது. மாத்திரையால் இறங்கியதா, ஊசி மாறியதால் இறங்கியதா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதற்கு ஒரு தடயம் ஆறாவது வாரம் கிடைத்தது. கோதண்டம் வாசலில் நின்று அவளைக் கோபமாக வரவேற்றார். "பாரு, இடது கண்ணு மறுபடியும் மங்குது. உன் பேச்சைக் கேட்டேன்ல?"

ஜாக்குலின் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். வருத்தப்பட வேண்டிய செய்தி. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வலக் கண் தெளிவாகவே இருந்தது. ஊசி போடாத இடக் கண் மட்டும் மங்குகிறது. ரத்தத்தில் மருந்து சுற்றிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. வராமல் போன பிறகு, அது இத்தனை நாள் வந்துகொண்டிருந்தது உறுதியாகத் தெரிந்தது.

"நைனா, இது எனக்குக் கெடுதலாத் தெர்ல" என்றாள்.

"உனக்கு ஏன் தெரியப்போவுது? கண்ணு என்னுது."

மறுநாளே போனார்கள். டாக்டர் ஜஸீலா இடக் கண்ணைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, ஜாக்குலினைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. "இனிமே இந்தக் கண்ணுக்குத் தனியா ஊசி" என்றார் டாக்டர். "அது பங்கை அதுக்கே குடுத்துடுவோம்."

இரண்டு ஊசியில் இடக் கண்ணும் தேறியது. பிறகு ஒருநாள், அதே அறையில் டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கோதண்டம் எழுந்துபோய்த் திரைக்கு முன்னால் நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"இது என்னுதா?"

"உங்களுதுதான் ஐயா."

"இத்தனை மாசமா இத்த எனக்குக் காட்டவே இல்லியே."

"ஒவ்வொரு தடவையும் காட்டினோம். அப்ப உங்களுக்குத் தெரியல."

அவர் சிவப்புக் கோடு ஒன்றை, தொடாமல், விரலால் காற்றில் பின்தொடர்ந்துகொண்டு போனார். அது கிளை பிரிந்து கிளை பிரிந்து மெலிந்து மறையும் இடத்தில் விரலை நிறுத்தினார். "இதுக்கு அப்பால?" என்று கேட்டார். "இதைவிடச் சின்னதா இன்னும் போவுது. படத்துல வராது" என்றார் டாக்டர். கோதண்டம் தலையாட்டினார். வெளியே வந்ததும் ஜாக்குலினுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் தன் கையால் அவளுக்கு வாங்கிக் கொடுத்த முதல் டீ அது. கோபம் போய்விட்டது என்று அவளும் எடுத்துக்கொண்டாள்.

முழுப் பார்வை திரும்பவில்லை. பொடி எழுத்து இன்னும் படிக்க வராது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊசி தொடர்கிறது. ஆனால் பகலில் படகு எடுக்கிறார். தருமனோடு சமாதானமாகிவிட்டது, இரண்டு பேரும் சேர்ந்து நண்டு வலை போடுகிறார்கள். சிறுநீரகம் மேலும் கெடாமல் இருக்கிறது.

ஜாக்குலினின் வீடுகளில் இப்போது கண் ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஐந்து பேர். நாலு பேருக்குப் பிரஷர் அசையவே இல்லை, டாக்டர் சொன்ன மாதிரியே. ஆனாலும் ஊசி போட்ட முதல் மாதம் அவர்களை அவள் வாராவாரம் பார்க்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பையைத் தோளில் மாட்டினாள்.

"இன்னிக்குமா?" என்றான் ஜோஷ்வா.

"திருப்பாலைவனத்துல பொன்னுரங்கம் மாமாவுக்கு போன வியாழனுக்கு முந்தின வியாழக்கிழமை ஊசி போட்டாங்க. இன்னியோட பத்து நாள். இந்நேரம் மருந்து கண்ணுலேருந்து இறங்கி எங்கெல்லாம் சுத்திக்கினு கீதோ" என்றாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் செருப்பை மாட்டிக்கொண்டே.